தட்டை நிறைக்கும் அரைத் துண்டு

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்தில் யாரும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பிட்சா கடையிலிருந்து சிக்கன் பார்ம் சப் வரும். நீள ரொட்டியைப் பிளந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழியை உள்ளே வைத்து, மேலே தக்காளி சாஸ், அதற்கும் மேலே வழிய வழிய மொசரெல்லா சீஸ். அலுமினியத் தாளைப் பிரித்ததும் அறை முழுக்கப் பூண்டு வாசம். நியூஜெர்சிக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது, இட்லி தோசைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் சாப்பிட்டிருக்கும் பண்டம் அநேகமாக இதுதான். முழுப்பெயர் சிக்கன் பார்மெஜான். இந்த ஊரில் அப்படி முழுசாகச் சொன்னால் புதிதாக வந்தவன் என்று தெரிந்துவிடும், 'பார்ம்' என்றால் போதும்.

போன வருட ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை, ஆறு மாதம் சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டில் என் மனைவி சமைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆக குற்றவாளி வெளிச்சாப்பாடுதான், அதிலும் வெள்ளிக்கிழமை சப்பும், ஞாயிற்றுக்கிழமை மகளுக்காக வாங்கிவரும் அதே பார்ம், பாஸ்தாவோடு. இங்கே 20 கிளைகளுக்குக் குறையாமல் உள்ள உணவகங்கள் மெனுவிலேயே கலோரியை அச்சிட வேண்டும் என்று 2018 மே மாதத்திலிருந்து விதி இருக்கிறது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும் இடத்திலும் அந்த எண் இருந்தது. நான்கு இலக்கம். இத்தனை வருடம் அதை விலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு குறியீடு மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன்.

விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். முடியவில்லை. சரி, வீட்டிலேயே எண்ணெய் இல்லாமல் செய்துவிடுவோம், ஓவன் இருக்கிறதே என்று இறங்கினேன். பொரிப்பதுதான் தப்பு, பொரிக்காவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அன்றைக்கு என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் முயற்சியைச் சொல்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கினேன், இங்கே ஒரு பக்கத் துண்டே கால் கிலோவுக்கு மேல் வரும். அப்படியே முழுசாக மைதாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, டப்பாவில் வரும் ரொட்டித்தூளை அப்பி, எண்ணெயை ஸ்பிரேயில் இரண்டு பீச்சு பீச்சி, தட்டையான ட்ரேயில் வைத்து ஓவனில் தள்ளினேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் மேல்பக்கம் வெளுத்துப்போய் ஆற்று மணல் மாதிரி இருந்தது, அடிப்பக்கம் ஈர ரொட்டி. வெட்டிப் பார்த்தால் நடுவில் இன்னும் இளஞ்சிவப்பு. மறுபடி பத்து நிமிடம் வைத்ததில் ஓரமெல்லாம் தேங்காய் நார். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, கோழிக்கு பேண்டேஜ் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பன்னிரண்டு வயது, இரக்கம் பார்க்கமாட்டாள்.

இரண்டாவது வாரம் கொழுப்பே இல்லாத மொசரெல்லா வாங்கினேன். பாக்கெட்டில் பச்சை நிறத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததில் மயங்கிவிட்டேன். கொழுப்பு இருந்தால்தான் சீஸ் உருகி வழியும். அது இல்லாததால் ஓவனில் இது துருவிய வடிவத்திலேயே காய்ந்து, ஒரு தோல் மாதிரி ஆனது, தட்டில் இருந்து ஸ்டிக்கர் உரிப்பதுபோல் முழுசாக உரித்து எடுக்க முடிந்தது. அதே வாரம் ரொட்டித்தூளுக்குப் பதில் கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கிப் போட்டதும் என் புத்திசாலித்தனம்தான். தக்காளி சாஸோடு அந்த இனிப்பு சேர்ந்ததும் காலை உணவும் இரவு உணவும் ஒரே தட்டில் சண்டை போட்டன.

திங்கட்கிழமை இதை அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எதிர் மேசைக்காரர் சிரிக்கவில்லை. அவர் இத்தாலிய வம்சாவளி, நூவர்க் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், தக்காளி சாஸை 'கிரேவி' என்றும் மொசரெல்லாவை 'முட்ஸ்' என்றும் சொல்லும் தலைமுறை. அவருடைய பாட்டியின் குடும்பம் நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லினோ பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்ததாம். "என் பாட்டி ஊரில் கோழியைக் கண்டதே பண்டிகைக்குத்தான்" என்று ஆரம்பித்தார். அங்கே அவர்கள் செய்தது கத்திரிக்காயில்: மெலஞ்ஜானே அல்லா பார்மிஜானா. கத்திரிக்காயை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, பொரித்து, தக்காளி சாஸும் சீஸுமாக அடுக்கிச் சுடுவது. தென் இத்தாலியின் கம்பானியா, சிசிலி இரண்டும் இது எங்கள் சொத்து என்கின்றன. பார்மா ஊர்ச் சீஸ் போடுவதால் பெயர் வந்தது என்று ஒரு கட்சி, அடுக்கு ஜன்னல் பலகைகள்போல இருப்பதால் சிசிலிய மொழியில் அந்தப் பலகைக்கான சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை.

1880 முதல் 1920 வரை சுமார் நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த ஏழைகள். இங்கே வந்து பார்த்தால் இறைச்சி மலிவு. ஊரில் கத்திரிக்காய் இருந்த இடத்தில் முதலில் கன்றிறைச்சி வந்தது, அப்புறம் கோழி வந்தது. இடம் கிடைத்ததும் துண்டு தடித்தது, சீஸ் பெருகியது, பக்கத்தில் ஒரு குன்று பாஸ்தாவும் வந்து உட்கார்ந்தது. இத்தாலியில் பாஸ்தா முதலில் தனியாக வரும், இறைச்சி அதற்கடுத்த தட்டு. இரண்டையும் ஒரே தட்டில் கொட்டுவது அமெரிக்கப் பழக்கம். நியூயார்க், நியூஜெர்சி இத்தாலிய வீடுகளில் பிறந்த இந்தச் சாப்பாட்டை இத்தாலிக்குப் போய்க் கேட்டால் பரிமாறுபவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் 'கத்திரிக்காயை மெல்லிசாகச் சீவி' என்ற இடத்தில் காது நின்றுவிட்டது.

அன்று மாலை சமையலறைத் தராசை எடுத்தேன். உணவகத்திலிருந்து ஒரு பார்ம் வாங்கிவந்து பிரித்துப் பிரித்து எடை போட்டேன், மனைவி பார்த்துவிட்டு "என்னங்க, நகைக்கடையா வச்சிருக்கீங்க" என்றாள். வெந்த பாஸ்தா மட்டும் 400 கிராம். நூறு கிராமுக்கு ஏறக்குறைய 155, 160 கலோரி வரும், ஆக 600க்கு மேல் பாஸ்தாவிலேயே போய்விட்டது, அதுவும் நாங்கள் பேசாமல் பாதியை ஒதுக்கும் பாஸ்தா. அடுத்து, வீட்டிலேயே நாலு துண்டு எண்ணெயில் பொரித்து, பொரிப்பதற்கு முன்னும் பின்னும் சட்டியோடு எடை பார்த்தேன். 60 கிராம் எண்ணெய் குறைந்திருந்தது. அடுப்பு மேடையில் தெறித்ததையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம், கிராமுக்கு 9 வீதம் 540 கலோரி, நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 135. சின்ன எண் இல்லை, ஆனால் நான் இரண்டு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டது இந்த 135ஓடு மட்டும்தான். பாஸ்தாக் குன்றும், கால் கிலோ தாண்டும் கோழியும், கைநிறைய சீஸும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் செய்தது எல்லாம் இந்தத் தராசு சொன்னபடிதான்.

முதலில் கோழி. கால் கிலோ துண்டை ஆளுக்கு ஒன்று என்று வைப்பதற்குப் பதில், கத்தியைப் பலகைக்கு இணையாகப் பிடித்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் படுக்கைவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு துண்டு 125 கிராம் அளவில் வரும். கோழியைப் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வழுக்காது, கத்தி நேராக இறங்கும். உள்ளங்கையை மேலே அழுத்தி வைத்துக்கொண்டு விரல்களைத் தூக்கிக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். பிளந்த துண்டை ஒரு ஜிப் கவருக்குள் போட்டு, சப்பாத்திக் கட்டையால் தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது, நார் கிழிந்து ஓட்டை விழும். தடித்த பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக இழுத்துத் தட்டினால் எல்லா இடமும் ஒரே கனமாக, ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வந்துவிடும்.

இப்போது அந்த 125 கிராம் என் முழுக் கையளவு விரிந்திருக்கும். தட்டில் வைத்தால் விளிம்பைத் தொடும். உணவகத் துண்டுக்கும் இதற்கும் பரப்பில் வித்தியாசம் தெரியாது, எடையில் பாதி. மகளுக்கு இன்றுவரை நான் அளவைக் குறைத்தது தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு: எல்லா இடமும் ஒரே கனம் என்பதால் ஓரம் காய்வதும் நடு வேகாமல் நிற்பதும் போய்விட்டது. முதல் வாரத் தேங்காய் நாருக்குக் காரணம் ஓவனே இல்லை.

நம் வீடுகளில் கோழி என்றால் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவினால்தான் மனசு ஆறும். இங்கே அமெரிக்க விவசாயத் துறை கழுவவே வேண்டாம் என்கிறது, கழுவும்போது தெறிக்கும் தண்ணீரில் கிருமி தொட்டி முழுக்கப் பரவுமாம். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஆனால் பார்முக்கு ஈரக்கோழி ஆகாது என்பது உறுதி, கழுவுகிறீர்களோ இல்லையோ காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். துண்டுக்கு இரண்டு சிட்டிகை உப்பு இரண்டு பக்கமும் தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், நெஞ்சுக்கறியின் சப்பென்ற தன்மை போய்விடும். பிறகு மேலே கசிந்திருக்கும் தண்ணீரை மறுபடி ஒற்றிவிடுங்கள்.

அடுத்தது ரொட்டித்தூள். இங்கேதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ஓவனில் பொன்னிறம் வரும்வரை வைத்தால் மெல்லிய கோழி அதற்குள் காய்ந்துவிடும். கோழி வெந்ததும் எடுத்தால் தூள் வெளுப்பாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய முடியாது, அதனால் தூளை முன்கூட்டியே வறுத்துவிட வேண்டும். ரவா உப்புமாவுக்கு ரவையை வறுக்கிறோம் இல்லையா, அதேதான். ஜப்பானியப் பாங்கோ தூள் 60 கிராம், ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், வாணலியில் மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் ஒரே சீராகச் சிவந்து வரும். சாதாரணத் தூள் மாவு மாதிரி நைசாக இருப்பதால் சாஸ் பட்டதும் களியாகும். பாங்கோ செதில் செதிலாக இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆறிய பிறகு ஒரு கைப்பிடி துருவிய பார்மெசான், கொஞ்சம் காய்ந்த ஆரிகானோ, பூண்டுப்பொடி கலந்துகொள்ளுங்கள். சூடாக இருக்கும்போதே சீஸைப் போட்டால் உருகிக் கட்டி கட்டியாகிவிடும், நான் பட்டிருக்கிறேன்.

கவனித்தீர்களா, எண்ணெயை நான் விடவில்லை. ஸ்பிரே பீச்சியபோது எண்ணெய் இருந்தும் ருசி வரவில்லை, ஒரே ஒரு கரண்டியைத் தூளோடு வறுத்ததும் பொரித்த வாசனை வந்துவிட்டது.

மைதாவை நிறுத்திவிட்டேன். ஓவனில் மைதா அடுக்கு சரியாக வேகாமல் பச்சை மாவு வாசம் அடிக்கிறது, உலர்ந்த கோழிமேல் அது இல்லாமலே முட்டை ஒட்டுகிறது. இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவோடு ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது சேர்த்து நுரைக்க அடித்துக்கொண்டால் பசை மாதிரி பிடிக்கும். மஞ்சள்கருவைச் சேர்த்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதலில் உங்கள் விரல்கள்தான் பார்ம் ஆகும். தூளை மேல்பக்கத்தில் அழுத்தி அப்புங்கள், அடிப்பக்கத்துக்கு லேசாகப் போதும்.

ட்ரேமேல் ஒரு கம்பித் தட்டை வைத்து அதன்மேல் கோழியை வைக்க வேண்டும். அடியில் காற்று போனால்தான் ஈர ரொட்டி ஆகாது. கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டே போதும். ஓவன் 425 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 220 செல்சியஸ், நன்றாகச் சூடேறிய பிறகு 12 நிமிடத்திலிருந்து 15 நிமிடம். ஆனால் நேரத்தை நம்பாதீர்கள், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் 165 ஃபாரன்ஹீட், 74 செல்சியஸ் காட்டினால் பாதுகாப்பு. 160 தொட்டதும் எடுத்து சீஸ் போட்டு மறுபடி உள்ளே தள்ளினால் மீதி தானாக ஏறிவிடும், கடைசியில் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள். ஏர் ஃப்ரையரிலும் செய்து பார்த்தேன், இரண்டு பேருக்கு அருமை. நாலு பேருக்கு இரண்டு தவணை, முதல் தவணை ஆறிப்போகும், அதோடு உள்ளே சுழலும் காற்றில் தூள் கொஞ்சம் பறக்கிறது.

சாஸுக்கு வருவோம். பல ஜாடி சாஸ்களில் அரை கப்புக்கே 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம், சிலவற்றில் சர்க்கரையும் உண்டு. வீட்டில் செய்ய 25 நிமிடம்தான். முழுத் தக்காளி அடைத்த 28 அவுன்ஸ் டின், அதாவது 800 கிராம் சுமார், ஒன்று வாங்குங்கள். வெட்டிய துண்டுகள் உள்ள டின் வேண்டாம், துண்டு உருக்குலையாமல் இருக்க அதில் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள், எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் முறைக்கும். கம்பானியாவின் சான் மார்சானோ தக்காளி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயில் மூன்று பல் பூண்டை மெல்லிசாகச் சீவிப் போட்டு, நிறம் மாறும் முன்பே தக்காளியைக் கையால் பிசைந்து ஊற்றிவிடுங்கள். பூண்டு சிவந்தால் கசக்கும், நாம் தாளிப்பில் சிவக்கவிடும் பழக்கத்தை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். சீஸ் துருவி முடித்த பிறகு மிஞ்சும் பார்மெசான் கட்டியின் தோலைத் தூக்கிப்போடாமல் சாஸுக்குள் போட்டுக் கொதிக்க விடுங்கள். எதிர் மேசைக்காரரின் அம்மா செய்வதாம். உப்பைக் குறைத்த சாஸுக்கு அது கொடுக்கும் ஆழம் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். இறக்கும்போது துளசி மாதிரியான பேசில் இலை நாலு. கரண்டியால் கோடு போட்டால் கோடு இரண்டு நொடி நிற்கும் அளவுக்கு வற்ற வேண்டும், தண்ணீராக இருந்தால் நீங்கள் பட்ட பாடு எல்லாம் வீண்.

சீஸ் விஷயத்தில் நான் சொல்வது ஒன்றுதான், அளவைக் குறையுங்கள், ஆனால் நல்லதாக வாங்குங்கள். பாதி கொழுப்பு எடுத்த பாலில் செய்த, ஈரம் குறைந்த மொசரெல்லா இங்கே கட்டியாகக் கிடைக்கும், நன்றாகவே உருகுகிறது. நாலு துண்டுக்கும் சேர்த்து 85 கிராம். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், கட்டியை வாங்கி நீங்களே துருவிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆசைப்பட்டு ஹோபோக்கன் வரை போய், அந்த ஊர் பிரசித்தமான புது மொசரெல்லா உருண்டை வாங்கிவந்தேன். அப்படியே தின்றால் அமிர்தம், கோழிமேல் வைத்ததும் பால் தண்ணீரை விட்டு மொறுமொறுப்பை மூழ்கடித்துவிட்டது. பார்மெசானுக்கு மட்டும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, தோலில் புள்ளி எழுத்தில் பெயர் குத்தியிருக்கும், குறைந்தது 12 மாதம் பழுக்க வைத்தது. விலை கூடத்தான், ஆனால் 30 கிராமில் நாலு பேருக்கும் வாசம் வந்துவிடுகிறது. பச்சை டப்பாவில் வரும் தூளைக் கொட்டினால் இரண்டு மடங்கு தேவைப்படும்.

சாஸ் வைக்கும் இடம் முக்கியம். கோழி முழுக்க ஊற்றிவிடாதீர்கள். நடுவில் இரண்டு கரண்டி மட்டும், அதன்மேல் சீஸ், ஓரம் ஒரு விரல் அகலத்துக்குக் காலியாக இருக்கட்டும். ஓவனின் மேல் தீயில் இரண்டு மூன்று நிமிடம், அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள். போனில் ஒரு செய்தி பார்த்த நேரத்தில் நான் ஒரு ட்ரேயைக் கரியாக்கியிருக்கிறேன். மிச்ச சாஸ் தட்டில் கோழிக்கு அடியிலோ பக்கத்திலோ போகட்டும். இப்படிச் செய்தால் ஓரமெல்லாம் கடிக்கும்போது சத்தம் கேட்கும், நடுவில் சாஸில் ஊறிய மென்மை. நடுப்பகுதி சாஸில் ஊறத்தான் போகிறது, அங்கே எண்ணெய் ஊற்றிப் பொரித்து என்ன லாபம் என்று எனக்குத் தோன்றியதும் இந்தக் கட்டத்தில்தான்.

பாஸ்தாவுக்குப் பதில் வெள்ளரி மாதிரியான சுக்கினிக் காயை நூல் நூலாகச் சீவிப் போடு என்று ஒரு நண்பர் சொன்னார். போட்டேன். தட்டில் ஒரு குட்டை உருவானது, மகள் அதில் படகு விடலாமா என்றாள். இப்போது ஆளுக்கு 55 கிராம் உலர்ந்த ஸ்பகெட்டி, எடை போட்டு, கூடவே வேகவைத்த புரோக்கொலியோ பூண்டில் வதக்கிய கீரையோ. எடை போட்டால்தான் உண்டு, கண் அளவில் போட்டால் எப்போதும் இரண்டு மடங்கு விழும். இன்னொருவர் தூளில் மிளகாய்ப்பொடியும் கரம் மசாலாவும் கலக்கச் சொன்னார். ருசியாகத்தான் இருக்கும், அப்புறம் அது பார்ம் இல்லை, சிக்கன் 65க்குத் தூரத்துச் சித்தப்பா. எனக்குச் சாஸில் கால் கரண்டி கொரகொர மிளகாய்த்தூள் போதும்.

இப்படிச் செய்த ஒரு தட்டை ஒவ்வொன்றாகக் கூட்டினால் கோழி, தூள், எண்ணெய், சாஸ், சீஸ் எல்லாம் சேர்ந்து 400 கலோரி சுமார், ஸ்பகெட்டியோடு 600. என் தராசும் பாக்கெட் அட்டைகளும் சொல்வது இது, ஐம்பது முன்னே பின்னே இருக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. அது பார்மால் மட்டும் என்று சொல்லமாட்டேன், அந்த ஆறு மாதம் தினமும் நடக்கவும் செய்தேன், மாலை மிக்சரையும் நிறுத்தியிருந்தேன், மிக்சரை நிறுத்தியதுதான் பெரிய தியாகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு துண்டு செய்வேன். தூள் அப்பிய பச்சைத் துண்டுகளை ட்ரேயில் பரப்பி உறையவைத்து, அப்புறம் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும், உறைநிலையிலேயே ஓவனில் வைத்துவிடலாம், நேரம் மட்டும் ஏழெட்டு நிமிடம் கூடும், வெப்பமானியைக் கட்டாயம் குத்துங்கள். சுட்டு மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், களியாகிவிடும். சின்ன டோஸ்டர் ஓவனில் எட்டு நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பு வரும். அந்த மிச்சத்தைத்தான் இப்போது சப்பாக வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன், ரொட்டி, கோழி, சாஸ் மூன்றையும் தனித்தனியாக.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பாதி சப்பை எதிர் மேசைக்காரருக்குக் கொடுத்தேன். ஓவனில் செய்தது என்று சொல்லவில்லை. மெதுவாக மென்றார், ஓரத்தைக் கடித்துப் பார்த்தார், சீஸைத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொட்டி எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். சூப்பர்மார்க்கெட் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை என் மேசைமேல் காகிதப் பையில் ஒரு முழ நீள இத்தாலிய ரொட்டி இருந்தது, மேலோடு இன்னும் சூடாக, பையின் மேல் பேனாவால் அவர் ஊர் பேக்கரியின் முகவரி எழுதியிருந்தது. எள் தூவியதை வாங்கு என்று அடியில் ஒரு வரி.